நான் சுவாசித்த காற்றின் கணக்கு

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில்தான் என் நுரையீரல் புற்றுநோய் தெரிய வந்தது. வயிற்றுப் பகுதியைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனின் மேல் விளிம்பில் நுரையீரல்களின் அடிப்பகுதியும் சேர்ந்தே பதிவாகும். என் வலது நுரையீரலின் கீழ்மடலில் 14 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு இருந்ததைக் கதிரியக்க மருத்துவர் கவனித்து, அறிக்கையின் கடைசி வரியில் குறித்திருந்தார். அப்போது எனக்கு வயது 59. இருமல் இல்லை, சளியில் ரத்தம் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை, எடையும் குறையவில்லை. தன்னுள் வளரும் சிறு கட்டியை நுரையீரல் வலியாகச் சொல்வதில்லை. கட்டி மூச்சுக்குழாயை அடைக்கும்போதோ, மார்புச் சுவரைத் தொடும்போதோ, வேறு உறுப்புக்குப் பரவிய பிறகோதான் பெரும்பாலும் அது வெளிப்படுகிறது. எட்டு மாதங்களுக்கு முன் எடுத்த மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருந்தது என்பதால் என் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நுரையீரல் மருத்துவரிடம் முதன்முறை சென்ற நாளை மறக்க முடியாது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார் என்று எண்ணி, அதற்கான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "புகைபிடிப்பீர்களா?" என்று அவர் கேட்டதும், "பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன், டாக்டர்" என்றேன். அதோடு அந்தப் பகுதி முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் புதிய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டார். எந்த வயதில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, சிறுவயதில் வீட்டில் யாராவது புகைத்தார்களா, சமையலுக்கு என்ன எரித்தீர்கள், இருபது வயது முதல் எங்கெங்கே என்னென்ன வேலை செய்தீர்கள், வீட்டில் எந்தத் தளத்தில் உறங்குகிறீர்கள், பெற்றோர் உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்நோய் வந்ததா, காசநோய் வந்ததுண்டா, மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதுண்டா என்று நாற்பது நிமிடங்கள் கேட்டார். அந்த நாற்பது நிமிடங்களில், நான் பிறந்தது முதல் எதையெல்லாம் மூச்சில் இழுத்திருக்கிறேன் என்பதை வாழ்க்கையில் முதன்முறையாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். அந்தக் கணக்கை நோய் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புகையிலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்நோய்க்கான காரணிகளில் அதற்கு அருகில் வரக்கூடியது வேறொன்றும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் என்று நான் சொன்னபோது, அருகில் அமர்ந்திருந்த என் மனைவி, "பத்து இல்லை டாக்டர், பதினைந்துக்குக் குறையாது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டுமே மூன்று பிடிப்பார்" என்றார். நான் பொய் சொல்லவில்லை. என் நினைவுதான் எனக்குச் சாதகமாகக் குறைத்துக்கொண்டிருந்தது. இருபது சிகரெட்டை ஒரு பாக்கெட்டாகக் கொண்டு, நாளொன்றுக்கான பாக்கெட் எண்ணிக்கையைப் புகைத்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவதை மருத்துவர்கள் பாக்கெட்-ஆண்டு என்கிறார்கள். பதினைந்து சிகரெட் என்பது முக்கால் பாக்கெட். 19 வயதிலிருந்து 43 வயது வரை 24 ஆண்டுகள். ஆக 18 பாக்கெட்-ஆண்டுகள். உங்கள் கணக்கைப் போடும்போது உங்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் மறைந்துபோகும் ஒன்றையும் மருத்துவர் சுட்டிக்காட்டினார்: நாளொன்றுக்கு எத்தனை என்பதைவிட எத்தனை ஆண்டுகள் என்பதே நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை கனமான எண். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஆண்டுகளை நீட்டிக்கொண்டே போவது பாதுகாப்பு ஆகாது. 'லைட்' என்று விற்கப்பட்டவற்றுக்கு மாறியதும் எனக்கு எந்த நன்மையும் செய்திருக்காது, ஏனெனில் அவற்றைப் புகைப்பவர்கள் நிகோடின் போதாமல் இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள்.

இந்தத் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட விதம் பற்றிப் பின்னர் படித்தபோது ஒரு செய்தி என்னை உலுக்கியது. 1950-இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மருத்துவமனை நோயாளிகளிடம் கேள்விகள் கேட்டு ஆய்வு செய்தபோது, சாலைகளில் போடும் தாரும் மோட்டார் வாகனப் புகையும்தான் காரணமாக இருக்கும் என்று டால் முதலில் சந்தேகித்தார். விவரங்கள் சேரச் சேரச் சிகரெட்டின் பக்கம் விரல் நீண்டது; புகைப்பவரான அவர் ஆய்வு முடிவதற்குள் தாமே புகைப்பதை விட்டுவிட்டார். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: 60 வயதில் விட்டவர்கள் தங்கள் ஆயுளில் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 30-இல் விட்டவர்கள் 10 ஆண்டுகளையும் திரும்பப் பெற்றார்கள். நான் விட்டது 43-இல். பத்து ஆண்டுகள் கடந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் தொடர்ந்து புகைப்பவரைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆனால் ஒருபோதும் புகைக்காதவரின் நிலைக்கு அது முழுமையாகத் திரும்புவதில்லை. இந்த இரண்டாவது பாதியை நான் கேட்டதே இல்லை. விட்ட நாளோடு கணக்கு முடிந்தது என்று எண்ணியிருந்தேன்.

அடுத்து வந்த கேள்விதான் என் வரலாற்றைத் திருப்பிப் போட்டது. இருபது வயதிலிருந்து ஒன்பது ஆண்டுகள் ஓர் ஆலையின் கொதிகலன் பிரிவில் பராமரிப்பு வேலை செய்தேன் என்பதை நான் சொல்லவே மறந்திருந்தேன். நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த பழைய வெப்பக்காப்பு உறையைப் பிய்த்தெடுத்து, கசிவைச் சரிசெய்து, மறுபடி உறை சுற்றுவது எங்கள் வேலை. அந்த உறை ஆஸ்பெஸ்டாஸ் என்னும் இழைக் கனிமத்தால் ஆனது. பிய்க்கும்போது எழும் வெண்தூசி இமை முடிகளில்கூடப் படிந்திருக்கும். அதைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளிவிட்டு வெளியே வந்து சிகரெட் பற்றவைப்போம். மூக்கைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தால் போதும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண் இழைகளைத் துணி தடுக்காது என்பதை அந்த ஆலையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் எங்களைப் போலவே வெப்பக்காப்பு வேலை செய்தவர்களை இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் நெடுங்காலம் கவனித்து, 1979-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸும் புகையிலையும் இல்லாதவரின் நுரையீரல் புற்றுநோய் மரண விகிதத்தை ஒன்று என வைத்தால், புகைக்காத ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளருக்கு அது ஏறத்தாழ ஐந்து. ஆஸ்பெஸ்டாஸோடு தொடர்பில்லாத புகைப்பவருக்கு ஏறத்தாழப் பதினொன்று. இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பதுக்கும் மேல். ஐந்தையும் பதினொன்றையும் கூட்டினால் வரும் எண் அல்ல அது, பெருக்கினால் வரும் எண். என் கணக்கில் புகையிலையை ஒரு வரியாகவும் வேலையைத் தனி வரியாகவும் எழுதிப் பயனில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மேலும், ஆஸ்பெஸ்டாஸ் தன் பாதிப்பைக் காட்டப் பதினைந்து முதல் நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். 29 வயதில் அந்த வேலையை விட்ட எனக்கு 59-இல் கட்டி தெரிந்தது. இடையே முப்பது ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க என் மனம் இடம் தரவில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளும் என் வேலை உடைகளை உதறித் துவைத்தவர் என் அம்மா. தொழிலாளியின் உடையில் ஒட்டி வீட்டுக்கு வந்த தூசியால் குடும்பத்தினருக்கு மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்த நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் நிறையவே உண்டு. அம்மா வேறு காரணத்தால், நல்ல முதுமையில்தான் காலமானார். ஆனாலும் முற்றத்தில் நின்று அவர் என் சட்டையை உதறிய காட்சி அந்த மருத்துவரின் அறையில் என் கண்முன் வந்து நின்றது. தூசியுள்ள தொழிலில் இருப்பவர்கள் உடையை வேலையிடத்திலேயே மாற்றி, அங்கேயே துவைக்க ஏற்பாடு கேளுங்கள். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடோ உறையோ சேதமின்றி இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. துளையிடுவது, அறுப்பது, உடைப்பது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது ஆகியவைதான் இழைகளைக் காற்றில் எழுப்புகின்றன. அகற்ற வேண்டிய கட்டாயம் வந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வேலை வழியாக வரும் காரணிகள் ஆஸ்பெஸ்டாஸோடு முடிவதில்லை. கல் உடைத்தல், மணல் வீசித் தேய்த்தல் போன்ற வேலைகளில் எழும் சிலிக்கா தூசி, டீசல் எஞ்சின் புகை, வெல்டிங் புகை, ஆர்சனிக், காட்மியம், நிக்கல் சேர்மங்கள், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆகியவை அனைத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என உறுதி செய்யப்பட்டவை. டீசல் புகை 2012-இலும், வெளிப்புறக் காற்று மாசு முழுவதும் 2013-இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆர்சனிக் மூச்சு வழியாக மட்டுமல்லாமல் குடிநீர் வழியாக உடலில் சேர்ந்தாலும் நுரையீரலைத் தாக்குகிறது.

"எந்தத் தளத்தில் உறங்குகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ரேடான் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் மெல்லச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது நிறமும் மணமும் சுவையும் இல்லாத இந்தக் கதிரியக்க வாயு பிறக்கிறது. தரையின் விரிசல்கள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியாக அது வீட்டுக்குள் வருகிறது. திறந்தவெளியில் கலைந்துவிடும் அது, மூடிய கீழ்த்தள அறைகளில் தேங்குகிறது. மூச்சோடு உள்ளே சென்றபின் அதன் சிதைவுப் பொருள்கள் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஆல்ஃபா கதிர்களால் உயிரணுக்களைச் சேதப்படுத்துகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் நீண்டகாலச் சராசரி 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கூடும்போதெல்லாம் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 16 சதவீதம் உயர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல நாடுகளில் புகையிலைக்கு அடுத்த காரணி இதுதான். இதுவும் புகையிலையோடு சேர்ந்தால் பன்மடங்காகிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நான் பல ஆண்டுகள் உறங்கிய கீழ்த்தள அறையில் சிறிய அளவீட்டுக் கருவி ஒன்றை மூன்று மாதங்கள் வைத்துப் பார்த்தேன். சராசரி 180 என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 100. அதை எட்ட முடியாத இடங்களிலும் 300-ஐத் தாண்டக் கூடாது. தரை விரிசல்களை அடைத்து, தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றும் குழாயும் விசிறியும் பொருத்திய பின் 60-க்கு இறங்கியது. ஓரிரு நாள் அளவீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். பருவத்துக்கும் காற்றோட்டத்துக்கும் ஏற்ப ரேடான் அளவு பெரிதும் ஏறி இறங்கும். என்னைத் தொட்ட காரணிகள் அனைத்திலும், இவ்வளவு எளிதில் அளந்து, இவ்வளவு எளிதில் குறைக்கக்கூடியது இது ஒன்றே.

மருத்துவமனையில் எனக்குப் பக்கத்து அறையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "உங்களுக்கு எப்படி வந்தது?" என்பதுதான், அடுத்தது, "உங்கள் வீட்டுக்காரர் புகைப்பாரா?" தம் நோயைச் சொல்வதற்கு முன் தம் ஒழுக்கத்தை மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டிருந்தார். பிறர் புகையைச் சுவாசிப்பது அபாயத்தை 20 முதல் 30 சதவீதம் வரை உயர்த்துகிறது என்பது உண்மை. காற்றோட்டமில்லாத இடத்தில் நிலக்கரி எரித்துச் சமைக்கும் புகையும் உறுதியான காரணி. சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் புகைக்காத பெண்களிடையே இந்நோய் மிக அதிகமாக இருந்ததையும், அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் காலப்போக்கில் அது குறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்மணியின் வாழ்க்கையில் இவற்றில் எதுவுமே இல்லை. சிலருக்கு நாம் அறிந்த எந்தக் காரணியும் இல்லாமலே இந்நோய் வருகிறது என்பதை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிய வந்தது. புகைக்காதவர்களின் நுரையீரல் புற்றுநோயில் இது அடிக்கடி காணப்படுகிறது; இதற்கென மாத்திரைகளே உள்ளன. 'மரபணு மாற்றம்' என்ற சொல்லைக் கேட்டதும் தங்களுக்கும் வந்துவிடும் என்று அவருடைய இரு மகள்களும் அழுதார்கள். மருத்துவர் அவர்களை உட்காரவைத்து விளக்கினார்: இது அம்மாவின் உடலில் பிறந்தது முதல் இருந்த மாற்றம் அன்று, நுரையீரலின் ஏதோ ஓர் உயிரணுவில் பிற்காலத்தில் ஏற்பட்டு, அந்தக் கட்டிக்குள் மட்டும் இருப்பது. பரம்பரையாக வருவது மிக அரிது. எனினும் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால் மற்றவர்களின் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால், குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் சொல்வது அவசியம். என் அப்பா 66 வயதில் இதே நோயால் இறந்தார். அவர் புகைத்ததால் வந்தது என்று அப்போது எல்லோரும் முடித்துவிட்டோம். அவர் புகையை நானும் என் தம்பியும் ஒரே அறையில் பதினெட்டு ஆண்டுகள் சுவாசித்தோம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பின்னாளில் நானும் அதே தவற்றைச் செய்தேன். சன்னல் ஓரத்தில் நின்று புகைத்தால் மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக அவர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

நுரையீரலில் ஏற்கெனவே இருக்கும் நோய்களும் கணக்கில் சேரும்: நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், நுரையீரல் நார்த்தடிப்பு, பழைய காசநோய்த் தழும்பு, வேறு புற்றுநோய்க்காக மார்பில் பெற்ற கதிர்வீச்சு ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன.

என் வலது கீழ்மடல் அகற்றப்பட்டது. நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை; முதல் நிலை என்பதால் கீமோதெரபி தேவைப்படவில்லை. வீடு திரும்பிய பிறகு, நலம் விரும்பிய உறவினர் ஒருவர் பீட்டா கரோட்டின் (கேரட் போன்றவற்றில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்) மாத்திரைப் புட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து தந்தார். மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்குவதில்லை என்று முடிவு செய்திருந்ததால் தப்பித்தேன். பின்லாந்தில் ஏறத்தாழ 29,000 ஆண் புகைப்பவர்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. புகைப்பவர்களோடு ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் சேர்த்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வு, 28 சதவீதம் அதிகரிப்பைக் கண்டு 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இரண்டு வகையிலும் அந்த ஆய்வுக்குரிய ஆள் நான். காய்கறி, பழங்களில் இயல்பாக உள்ள அளவால் தீங்கில்லை. அதிக அளவு மாத்திரையாக உண்பதுதான் ஆபத்து.

பரிசோதனையைப் பற்றியும் எனக்குத் தெளிவில்லாமல் இருந்தது. மார்பு எக்ஸ்ரே ஆண்டுதோறும் எடுப்பதால் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் குறைவதில்லை என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான் பயன் தருகிறது. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், அது எக்ஸ்ரேயோடு ஒப்பிடுகையில் இந்நோயால் நேரும் மரணங்களை 20 சதவீதம் குறைத்தது. அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, 20 பாக்கெட்-ஆண்டுகளுக்குக் குறையாமல் புகைத்து, இப்போதும் புகைப்பவர்களுக்கும் 15 ஆண்டுகளுக்குள் விட்டவர்களுக்கும் ஆண்டுதோறும் இந்த ஸ்கேன் உண்டு. என்னுடையது 18 பாக்கெட்-ஆண்டு. விட்டுப் பதினாறு ஆண்டுகள். இரண்டு எல்லைக்கும் வெளியே நின்றேன், கட்டியோடு. எவரைப் பரிசோதித்தால் நன்மை அதிகம் என்று முடிவெடுக்க வகுத்த எல்லை அது. அதற்கு வெளியே இருப்பவர் பாதுகாப்பானவர் என்று அதற்குப் பொருளில்லை. 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற நிபந்தனையைத் தன் பரிந்துரையிலிருந்து நீக்கியது. ஆஸ்பெஸ்டாஸ், குடும்ப வரலாறு போன்றவை உங்களுக்கு இருந்தால், புகைத்த கணக்கு குறைவாக இருந்தாலும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். அதே வேளையில், ஸ்கேனில் முடிச்சு தெரிந்தாலே புற்றுநோய் என்று கலங்க வேண்டியதில்லை. 2011-இல் வெளியான அந்த ஆய்வில் ஸ்கேன் சந்தேகத்துக்குரியதாகக் காட்டியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் புற்றுநோய் அல்ல.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில், அந்த நாற்பது நிமிடக் கேள்விகளை நினைவிலிருந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி என் தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்கு வயது 54. முப்பது ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு பாக்கெட். என் ஸ்கேன் படத்தை முதலில் காட்டியபோது, "எனக்கு ஒன்றும் இல்லை அண்ணா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன் அவன். குறிப்பேட்டில் அப்பாவின் அறையைப் பற்றிய கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தவன், வெகுநேரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, சிறுவயதில் நாங்கள் எந்தக் கட்டிலில் படுப்போம், அப்பா எங்கே உட்கார்ந்து புகைப்பார் என்று கேட்டான். அடுத்த மாதம் நிகோடின் ஒட்டுப்பட்டையும் மருத்துவரின் ஆலோசனையுமாகப் புகைப்பதை நிறுத்தினான். இடையில் ஒருமுறை மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தினான். குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனில் அவனுடைய இடது நுரையீரலில் 4 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று தெரிந்தது. அவ்வளவு சிறியதைத் தொட வேண்டியதில்லை, பன்னிரண்டு மாதங்கள் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். பதினொரு மாதங்கள் முடிந்துவிட்டன. நானும் உடன் போகிறேன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.